மாடு குறுக்கே வரவில்லை

என் வீட்டுக்காரர் கன்னியப்பன் குடிப்பார் என்பது எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் முழுநேர வேலை. மிச்ச நேரத்தில் சேலையூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன்.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மாடம்பாக்கத்தில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றி, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். பதினாலு பிள்ளைகள். அதில் எங்கள் ரேஷ்மாவும் ஒருத்தி. ரேஷ்மா என்பது ரொம்ப யோசித்து வைத்த பெயர். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், அவர் குலசாமி கன்னியம்மா பேரைச் சுமப்பவர். இரண்டு பக்கமும் சண்டைக்கு வராத பெயர் அது ஒன்றுதான் அகப்பட்டது. கல்யாணத்தோடு என் வீட்டார் என்னைக் கைகழுவினார்கள், நான் சர்ச்சுக்குப் போவதையே கைகழுவினேன். ‘இவனைத்தான் கட்டுவேன்’ என்று தெருவே கேட்கக் கத்தியவள் நான். அப்படிக் கத்திவிட்டுப் பிற்பாடு ‘குடிக்கிறான்’ என்று யாரிடம் போய் அழுவது? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப்போனது.

போன கார்த்திகை மழையில் ஒருநாள் காலை, சாலையோரம் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் வேன் இடது பக்கமாக இறங்கிவிட்டது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஷாரன் என்ற ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு முகவாய் கிழிந்து மூன்று தையல். “மாடு குறுக்க வந்துச்சு சார், ஒடிச்சேன், வண்டி எறங்கிக்கிச்சு” என்றார் கன்னியப்பன். எல்லோரும் நம்பினார்கள். தாம்பரம் பக்கத்தில் மாட்டின் மேல் பழியைப் போட்டால் யாரும் சாட்சி கேட்பதில்லை. இரண்டு நாள் தெருவில் மாட்டுக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடு வரவில்லை. ராத்திரி குடித்தது போதாமல், விடிந்ததும் பல் தேய்த்த கையோடு ஒரு கட்டிங்கைப் போட்டுக்கொண்டு போய், ஸ்டியரிங்கிலேயே கண் செருகிவிட்டது. அவர் சட்டை மாட்டும்போதே எனக்கு வாடை அடித்தது. மழையில் நேரமாகிறதே என்று விட்டுவிட்டேன். என் பிள்ளையையும் அதே வண்டியில் ஏற்றிவிட்டு டாட்டா காட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனதும் நான்தான். அவர் போர்வைக்குள் இருந்தார். ஷாரனின் அப்பா பிரிட்டோ நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “மாடுதான் பிரதர்” என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நானும் கிறிஸ்தவப் பெண்தான், பாப்பாவுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். கட்டிலில் கிடந்த குழந்தை அந்தத் தையலோடு வாயைத் திறந்து, “மாடு வரல. டிரைவர் அங்கிள் தூங்கினாங்க” என்றது.

“பயத்துல உளறுது பாப்பா” என்றேன்.

“பொய் சொன்னா ஏசப்பாவுக்குப் பிடிக்காதுன்னு எத்தனை வாட்டி சொல்லிருக்கேன்?” என்று அவள் அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். குழந்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். நான் ஒரு முழு மாட்டையே அந்த மழையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஆப்பிள் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு அவர் ரேஷ்மா தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது பழமொழி. இவர் பேச்சு மூன்று விடியல் தாங்கியது. நாலாவது நாள் மறுபடியும் வாடை. வேன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஓனர் தேவானந்தத்துக்கு ‘வைரல் ஃபீவர்’ என்று போன் செய்துவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் நடுங்கிக்கொண்டு கிடந்தார். பிறகு கவுன்சலர் ரமா மேடத்திடம் அனுப்பினார்கள்.

“மாத்திரை உடம்புக்குதான். மனசுக்கு நீங்க மீட்டிங் போகணும்” என்றார் ரமா மேடம். “குடியை விட்டவங்களே சேர்ந்து நடத்தறது. ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு சர்ச் ஸ்கூல்ல, ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு. புதுசா வந்தவங்களை எழுந்து பேர் சொல்லச் சொல்லுவாங்க. நீங்க என்ன சொல்லணும்? ‘என் பேர் இது. நான் ஒரு குடிநோயாளி.’ அவ்வளவுதான். மனசுல இருக்கறதை அப்படியே கொட்டிடுங்க. கடவுள்னு பேச்சு வரும், ஆனா மதம் கிடையாது. அவங்களுக்குன்னு ஒரு புஸ்தகம் உண்டு. பன்னெண்டு படி உண்டு.”

“பன்னெண்டு படின்னா மாடியா மேடம்?” என்று கேட்டார் கன்னியப்பன். மேடம் சிரித்துவிட்டார்.

“வெளிய தெரிஞ்சா வண்டி போயிடும் மேடம். எனுக்கு வேற இன்னா தெரியும்?” என்றார் அடுத்து. அப்போது அவர் குரல் உடைந்திருந்தது.

“அங்க சொன்னது அங்கேயே நிக்கும். அதான் அவங்க முதல் சட்டமே. கேட்ல கூட எதுக்கு வந்தீங்கன்னு சொல்ல வேண்டாம். ‘மீட்டிங் எங்க?’ன்னு கேட்டா போதும்” என்று சொல்லி, அந்தக் கூட்டத்து ஆள் ராஜகோபாலன் என்பவருடைய நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் அவருக்குப் போன் செய்து வருகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாளும் அவர் குடிக்கவில்லை. நான்கு நாளாக வண்டியும் ஓட்டினார். தினமும் காலையில் வாசலில் நிறுத்தி, டிராபிக் போலீஸ் மாதிரி “வாயை ஊது” என்பேன். ஊதுவார். பற்பசை வாசனைதான் வரும். அப்படியும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்கு வேலை ஓடாது. டோக்கன் நம்பரை மாற்றிக் கூப்பிட்டு நோயாளிகளிடம் திட்டு வாங்குவேன். பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று “நான் ஒரு குடிநோயாளி” என்று அவர் சொல்லிப் பழகுவதைக் கேட்டு, ரேஷ்மா ஸ்கூல் டிராமாவா என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அவரை ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

ரேஷ்மாவை மேல்வீட்டில் விட்டுவிட்டு என் ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தார். சட்டையில் லாசரஸ் என்று பேட்ஜ்.

“மீட்டிங் எங்கண்ணா?”

“மீட்டிங்கா? கீழ் ஹால்மா. இப்பத்தான் ஆரம்பிச்சாங்க, போங்க போங்க” என்றார்.

இதுவரை நடந்ததற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. கர்த்தர்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஹால் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளே வலது பக்கம் பெண்கள், முக்காட்டோடு. இடது பக்கம் ஆண்கள். முன்னால் ஒரு கீபோர்டு, அதற்குப் பக்கத்தில் மைக் பிடித்தபடி பாஸ்டர், எல்லார் மடியிலும் கறுப்பு அட்டை பைபிள். பிறந்ததிலிருந்து கல்யாணம்வரை ஞாயிறுதோறும் உட்கார்ந்த இடம் எனக்குத் தெரியாமல் போகுமா? எங்கள் ஆட்கள் ‘மீட்டிங்’ என்றால் அது ஜெபக்கூட்டம்தான். லாசரஸ் அண்ணனுக்கும் மீட்டிங் என்றால் அதுதான். எங்களுக்கு வேண்டிய மீட்டிங் இந்தக் கட்டடத்தில் வேறு எங்கேயோ நடக்கிறது.

திரும்பிவிடலாம் என்று அவர் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்தேன். பிரிட்டோ. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஜெபம் பண்ணுகிறேன் என்று சொன்ன சிஸ்டர், புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று முகமெல்லாம் மலர்ந்து தலையை ஆட்டினார். கன்னியப்பனுக்கு அவரைத் தெரியாது. வேனில் ஏற்றிவிடுவதும் இறக்கிக்கொள்வதும் குழந்தையின் அம்மாதான். அவள் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. முன்னால் விரித்திருந்த பாயில் குழந்தைகளோடு குழந்தையாக ஷாரன் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

கடைசி வரிசையில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்தோம். அவர் பக்கவாட்டில் சாய்ந்து, “இன்னா ஜீவி, ஏசு பாட்டா கீது?” என்றார்.

“சர்ச் ஸ்கூல்தானே. கடவுள் பேச்சு வரும்னு மேடம் சொன்னாங்கல்ல” என்றேன்.

“அந்தப் புக்குதானா மேடம் சொன்னது?”

“ஆமா.”

அவர் கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தார். நெற்றியில் வியர்வை. “இதானே? கரெக்டாதானே வந்துகீறோம்?” என்று மறுபடியும் கேட்டார்.

“இதுதான்” என்றேன்.

பிள்ளைகளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று என்னால் வக்காலத்து வாங்க முடியும். பாதி அதுதான். பன்னிரண்டாம் நாளோ நூற்றுப் பன்னிரண்டாம் நாளோ இந்த ஆள் மறுபடியும் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன செய்வது? நானாக ஓனரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அவர் வாயாலேயே வரட்டும். இது ஒரு பாதி. இன்னொரு பாதியை ஏன் மறைக்கவேண்டும்? பன்னிரண்டு வருடம் ‘வைரல் ஃபீவர்’, ‘ஃபுட் பாய்சன்’, ‘மாடு’ என்று நான் நாக்கூசாமல் புளுகியபோதெல்லாம் இவர் போர்வைக்குள் இருந்தாரே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லோருக்கும் முன்னால் இவர் நிற்கட்டும், நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று இருந்தது. நன்றாகவே இருந்தது அந்த நினைப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு முடிந்தது. ஒரு பெரியவர் எழுந்து, தான் குடியிலே கிடந்ததையும் ஆண்டவர் தூக்கிவிட்டதையும் சாட்சி சொன்னார். கன்னியப்பனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு, புதிதாக வந்தவர்களை எழுப்பி வரவேற்பார்கள். பாஸ்டர் எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்து, “முதல் தடவையா வந்திருக்கிற பிரதர் எழும்பி நின்னு உங்க பேரைச் சொல்லுங்க” என்றார்.

அவர் எழுந்தார். சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடி முன்னால் பழகியபடியே கைகளைக் கட்டிக்கொண்டார்.

“என் பேர் கன்னியப்பன். நான் ஒரு குடிநோயாளி.”

“ஸ்தோத்திரம்!” என்றது ஹால் முழுவதும். யாரும் பெயருக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சந்தோஷம்தான் பட்டார்கள்.

“பதினோரு நாளா குடிக்கல.”

“அல்லேலூயா!” கைதட்டல். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இப்போதாவது எழுந்து கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இரண்டடி தூரம்தான்.

“ஸ்கூல் வேன் ஓட்டினுகீறேன். யாரான்டயும் சொல்லாத ஒண்ணு கீது, அத்த இங்க சொல்லிடறேன். கார்த்திகைல ஒரு நாள் வண்டிய பள்ளத்துல வுட்டுட்டேன். சின்னப் பாப்பா ஒண்ணுக்கு மூஞ்சி கிழிஞ்சி ரத்தமா ஊத்துச்சு. மாடு குறுக்க வந்துச்சுன்னு எல்லாரான்டயும் சொன்னேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாடு வர்ல. குறுக்க ஒண்ணுமே வர்ல. காலைலயே போட்டுக்கினு போயி தூங்கிட்டேன். பதினாலு கொயந்தைங்க. எம் பொண்ணு எனக்குப் பின்னாடி சீட்ல குந்திகினு இருந்தா. அந்தப் பாப்பா பேரு ஷாரன். அதான்ட போயி மன்னிப்புக் கேக்க எனுக்கு இன்னிவரைக்கும் தெகிரியம் வர்ல.”

தேம்பித் தேம்பி அழுதார். அவர் வாயிலிருந்து அத்தனை நிஜம் ஒரே மூச்சில் வந்து நான் கேட்டதே இல்லை. இனிக் கேட்கப்போவதும் இல்லை.

இந்தத் தடவை ஸ்தோத்திரம் யாரும் சொல்லவில்லை. பிரிட்டோவின் விரல் ஒரு கட்டையை அழுத்தியபடியே இருந்ததால் கீபோர்டு மட்டும் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டதும் பாயில் இருந்த ஷாரன் திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தாளே, அதே மாதிரி என்னைப் பார்த்தாள்.

பாயில் இருக்கும் ஷாரன்தான் அது என்று உறைக்காத பாஸ்டர், “இந்தப் பிரதருக்காக ஜெபிப்போம்” என்று நாலு பேரோடு வந்து அவர் தலைமேல் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கன்னியப்பன் குனிந்து நின்றார். பிரிட்டோ எழுந்து, நடைபாதை வழியாக, என்னைத் தாண்டி, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். தாண்டும்போது என் முகத்தை ஒரு விநாடி பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

ஜெபம் முடிந்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரிய காய்ச்சல் விட்டவர் போல நின்றார்.

“லேசா கீது ஜீவி. மேடம் சொன்னா மாதிரியே கொட்டிட்டேன் பாரு. அடுத்த வாரமும் வர்லாம். நீ கூட வர வாணாம், நானே பஸ்ல வந்துக்கறேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. ஓனர் தேவானந்தம். காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது, அவ்வளவு சத்தம். “உம் பொண்ணும் அதுல இருந்தாளேடா! பேரன்ட்ஸ் குரூப் பூரா பத்தி எரியுது. சாவியை வூட்டு வாசல்ல வெச்சுட்டுப் போயிடு. இனிமே வண்டிகிட்ட உன்னப் பாத்தேன், காலை உடைப்பேன்.”

அவர் போனை இறக்கிவிட்டு, என்னிடம் கோபமாகக்கூட இல்லை, புரியாத பிள்ளைபோலக் கேட்டார். “அங்க சொன்னது அங்கியே நிக்கும்னாங்களே மேடம்?”

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். “அம்மா, ராஜகோபாலன் பேசறேன். உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணிண்டிருக்கோம். மேல் மாடில, படியேறின உடனே முதல் ரூம். இன்னும் அரை மணி இருக்கு, பரவால்ல, கூட்டிண்டு வாங்கோ.”

கன்னியப்பன் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். ஒரு ஜன்னலில் மட்டும் டியூப்லைட் எரிந்தது. ஏழெட்டுத் தலைகள் தெரிந்தன. பிறகு கீழ் ஹாலைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, குடிகாரர் அவ்வளவுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நீ சர்ச்சுல பொறந்தவதானே. உள்ள பூந்ததும் உனுக்குத் தெரியலியா?”

இந்த இடத்தில் நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருப்பார். அல்லது அழுதிருப்பார். ஒருவேளை அந்தக் கோபத்திலேயே படியேறிப் போய் மேலே என்னைத் திட்டித் தீர்த்திருப்பார், அதுவும் அவருக்கு மருந்தாகியிருக்கும். எனக்கு எல்லாம் தோன்றியது. வாயைத் திறந்தால் பன்னிரண்டு வருடப் பழக்கம்தான் வந்தது.

“எத்தனை வருஷம் ஆச்சு நான் சர்ச் போயி? அந்த அவசரத்துல எனக்கும் ஒண்ணும் புரியலபா.”

அவர் நம்பினார். மாட்டை ஊர் நம்பியது போலவே நம்பினார். “உன்ன இன்னா சொல்றது. என்னைக் கட்டிக்கினு நீயும் பேஜார்தான் படற” என்று என் தோளைத் தட்டினார்.

“மேல போலாம் வா. கூப்பிடறாங்கல்ல.”

“வாணாம். ஒரு வாட்டி பேரைச் சொன்னதே போதும்.” பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “நீ போயி குடுத்துடு. நான் வந்துடறேன்.” எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேம்ப் ரோடு போகிற வழியில் கடை எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

அவர் கேட்டைத் தாண்டும்போது யாரோ என் சுடிதாரை இழுத்தார்கள். ஷாரன். கையில் பாதி பிஸ்கட். முகவாயில் தையல் போட்ட இடம் சிவந்த கோடாகத் தெரிந்தது.

“ஆன்ட்டி, நான் உளறலதானே?”

“இல்லடா கண்ணு” என்றேன். “நீ உளறல.”

“எங்கம்மாகிட்டயும் வந்து சொல்றீங்களா?”

“சொல்றேன்” என்றேன். என்னை நம்பலாமா என்பது போல அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஹாலுக்குள் ஓடிவிட்டாள். கேட்டைப் பார்த்தேன். அவர் இல்லை. லாசரஸ் அண்ணன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, “மீட்டிங் முடிஞ்சிதாம்மா?” என்றார்.